டச் போன் சந்தேகங்கள்: தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன் கடைகளில் கூட்டம் கூடும். சந்தேகங்கள் வருவது அதற்குப் பிறகுதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறோம். எல்லாமே விலை குறைந்த அண்ட்ராய்ட் போன்களுக்கானவை. கம்பனிக்குக் கம்பனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். சொன்ன இடத்தில் ஒன்று இல்லையென்றால், செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடும் கட்டத்தில் அதன் பெயரை அடியுங்கள், வந்துவிடும்.

ஒரு பெட்டி மேல 4+64னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 8+64. விலை ஒண்ணுதான். எட்டுதானே நல்லது?

முதல் எண் ரேம், இரண்டாவது ஸ்டோரேஜ். ஒரே நேரத்தில் எத்தனை வேலையைப் போன் தாங்கும் என்பதை ரேம் தீர்மானிக்கிறது. படம், வீடியோ, செயலி எல்லாம் தங்குகிற இடம் ஸ்டோரேஜ். மலிவு போனில் 8 என்று பெரிதாகப் போட்டிருந்தால், அதன் கீழே உள்ள பொடி எழுத்தை வாசியுங்கள். பெரும்பாலும் 4+4 என்று இருக்கும். பிந்திய 4, ஸ்டோரேஜிலிருந்து ஒரு துண்டை எடுத்து ரேம் மாதிரிப் பாவிப்பது. அதனால் வேகம் பெரிதாகக் கூடாது, படம் வைக்கிற இடம்தான் குறையும்.

கையில் காசு மட்டாக இருந்தால் ஸ்டோரேஜைப் பார்த்து வாங்குங்கள். 32 ஜிபி போனில் அண்ட்ராய்டும் கம்பனி போட்டுத் தருகிற செயலிகளுமே 12, 15 ஜிபி வரை பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தை வாட்ஸ்அப் சில மாதங்களில் நிரப்பிவிடும். 64 ஜிபிக்குக் கீழே இப்போது வாங்காமல் இருப்பது நல்லது. கெமரா 50 மெகாபிக்சல் என்று சொல்லி இரண்டாயிரம் மூவாயிரம் கூட்டிக் கேட்டால் மயங்க வேண்டாம். மலிவு போனில் அந்த எண்ணுக்கும் படத்தின் தெளிவுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

வாங்கும்போது கடையிலேயே வேற என்ன பாக்கணும்?

கோல் எடுக்கிற இடத்தில் *#06# என்று அடியுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், திரையில் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் வரும். பெட்டியில் அச்சடித்திருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மெசேஜ் பகுதிக்குப் போய், ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் அடித்து 1909 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்று பதில் வரும். காசைக் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

பில்லில் ஐஎம்இஐ எண்ணை எழுதி வாங்குங்கள். உறுதிக்காலம் கேட்டுப் போகும்போதும், போன் தொலைந்து பொலிசுக்குப் போகும்போதும் அந்த பில்தான் கைகொடுக்கும். பாவித்த போன் என்றால், விற்கிறவரின் கூகுள் கணக்கு அதில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏன் என்பது பின்னால் லொக் பற்றிய கேள்வியில் வருகிறது.

அம்மா இவ்வளவு நாள் பட்டன் போன்தான் பாவிச்சாங்க. டச் போன்ல எங்க தொட்டாலும் வேற எதுவோ திறக்குதுன்னு சொல்றாங்க.

பட்டன் போனில் அழுத்திப் பழகிய விரல், கண்ணாடியிலும் அழுத்தும். அழுத்திப் பிடித்தால் வேறு மெனு திறக்கும், விரல் சறுக்கினால் பக்கம் மாறும். சுட்டுவிரல் நுனியால் ஒரு தட்டு தட்டி உடனே எடுக்க வேண்டும். இதை ஒரு நாள் கெல்குலேட்டரில் எண்களைத் தட்டிப் பழகினால் போதும், அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

புதுப் போன்களில் கீழே பட்டன் இல்லாமல் விரலால் இழுத்துத்தான் பின்னால் போக முடியும். பழகாதவர்களுக்கு இது பெரிய தொல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம் நெவிகேஷன் என்று தேடி, மூன்று பட்டன் முறைக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்பிளே பகுதியில் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். முகப்புத் திரையில் கோல், மெசேஜ், வாட்ஸ்அப், கெமரா, டோர்ச் மட்டும் வைத்து மற்றதையெல்லாம் எடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கோல் பேசிக்கிட்டிருக்கும்போது ஸ்க்ரீன் கறுப்பாயிருது. காதுல இருந்து எடுத்தாலும் வரல. கட் பண்ணவே முடியல.

காதில் வைத்ததும் திரை அணைவது சரியான வேலைதான், கன்னம் பட்டு கோல் வெட்டுப்படாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். மேலே கெமராவுக்குப் பக்கத்தில் உள்ள உணரி அதைச் செய்கிறது. அளவு பொருந்தாத டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தாலோ, அந்த இடத்தில் எண்ணெய், அழுக்கு படிந்திருந்தாலோ, காது இன்னும் பக்கத்தில் இருக்கிறது என்றே போன் நினைத்துக்கொள்ளும். துடைத்துப் பாருங்கள். தீராவிட்டால் கிளாஸை மாற்றுங்கள். அவசரத்துக்கு, செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி பகுதியில் பவர் பட்டனால் கோலை வெட்டும் வசதி உண்டு.

தமிழ்ல வருமா? டைப் பண்ணவும் தெரியாது.

செட்டிங்ஸ், சிஸ்டம், லெங்குவேஜஸ் போய்த் தமிழ் (இலங்கை) என்பதைச் சேர்த்து முதல் இடத்துக்கு இழுத்தால், மெனு முழுக்கத் தமிழில் மாறும். ஒரு சங்கடம் உண்டு. மெனுவின் தமிழ் ஏட்டுத் தமிழ், பழுதுபார்க்கிற கடைத் தம்பிக்கே சில சொற்கள் விளங்காது. ஆங்கில எழுத்துகளை ஓரளவு வாசிக்க முடிந்தவர்கள் மெனுவை அப்படியே விட்டு, விசைப்பலகையை மட்டும் தமிழாக்குவது லேசு. கூகுளின் ஜிபோர்டில் தமிழைச் சேர்த்தால் தமிழ் எழுத்துப் பலகையும் வரும், ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் மாற்றித் தருகிற பலகையும் வரும்.

டைப் பண்ணவே வேண்டாம் என்றால், விசைப்பலகையில் உள்ள மைக் படத்தைத் தட்டிப் பேசுங்கள், எழுத்தாக வரும். பொதுவாக இதற்கு டேட்டா ஓன் ஆகியிருக்க வேண்டும். ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அது பிழையாகத்தான் எழுதும், அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள். எழுத வாசிக்க வராதவர்களுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவே போதும். மைக்கைப் பிடித்து மேலே இழுத்துவிட்டால் விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம்.

மழையில எடுத்தா டச் தானா ஓடுது. கொழுந்து எடுத்துட்டு வந்து தொட்டா எடுபடவே மாட்டேங்குது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். விரலில் உள்ள மிக மெல்லிய மின்தன்மையைக் கண்ணாடி உணர்வதால்தான் டச் வேலை செய்கிறது. மழைத்துளியையும் அது விரல் என்று எடுத்துக்கொள்ளும். துளி வழிந்தால் விரல் இழுபடுவதாக நினைக்கும். மாறாக, கறை படிந்து தடித்துக் காய்ந்த தோல் வழியாக அந்த உணர்வு சரியாகப் போகாது. கறை கைக்கு, நுனியை விட்டுவிட்டு விரலின் பக்கவாட்டால் தட்டிப் பாருங்கள், அல்லது வேலைக்கு அவ்வளவாகப் படாத மோதிர விரலைப் பாவியுங்கள். சில போன்களில் டச் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கும். அதை ஓன் செய்தால் தடித்த கிளாஸ் ஒட்டியிருந்தாலும் எடுபடும்.

கொழுந்து எடுக்க மலைக்குக் கொண்டு போவதென்றால் மெல்லிய, ஒளி ஊடுருவும் பொலித்தீன் பையில் போட்டு வாய் மடித்து வையுங்கள். பைக்கு மேலாலேயே டச் வேலை செய்யும், கோலும் பேசலாம். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். உடம்புச் சூட்டில் பைக்குள் வியர்க்கும், அந்த ஈரமே சார்ஜ் குத்துகிற துளைக்குள் போகும். படங்குக்குள் செருகி வைப்பது வேண்டாம், நனைந்த சாக்கின் ஈரம் நேராகப் போனில் ஏறும்.

விரல் வச்சா லொக் திறக்கும்னாங்க. எனக்குத் திறக்கவே மாட்டேங்குது.

கொழுந்து எடுக்கிற, கவ்வாத்து வெட்டுகிற கைகளில் ரேகை தேய்ந்தும் வெடித்தும் இருக்கும். உணரி வாசிக்க வரி இருக்காது. அதிகம் பாவிக்காத கையின் மோதிர விரலைப் பதியுங்கள். ஒரே விரலை இரண்டு தடவை, வேறு வேறு விரல் போலப் பதிந்தால் இன்னும் நன்றாக எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை கை காய்ந்திருக்கும்போது பதிந்து, திங்கட்கிழமை ஈரக் கையால் திறக்கப் பார்த்தால் ஏற்காது, துடைத்துவிட்டு வையுங்கள். எப்படியும் பின் நம்பர் ஒன்று கட்டாயம் வேண்டும். கோடு இழுக்கிற பெட்டனை விட ஆறு இலக்க பின் நல்லது. கறை விரலால் இழுத்த கோடு கண்ணாடியில் அப்படியே தெரியும், சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

லயத்துக்குள்ள கவரேஜே இல்ல. இஸ்தோப்புக்கு வந்தா ரெண்டு கோடு வருது. போன் பழுதா?

போன் சரியாகத்தான் இருக்கிறது. தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும், பழைய லயங்களின் தடித்த சுவர் இன்னும் கொஞ்சம் குறைக்கும். அதைவிடப் பெரிய தடை மலை. டவரிலிருந்து வரும் அலை முகட்டைத் தாண்டி அவ்வளவாக வளைந்து இறங்காது. அதனால்தான் ஒரு கிலோமீற்றரில் டவர் இருந்தும் பள்ளத்து லயத்தில் கோடு வராமல் இருக்கும், எதிர் மலையில் எங்கோ தூரத்தில் உள்ள டவர் அதே இடத்தில் நன்றாக எடுக்கும். டவர் இருக்கிற திசையைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரம்தான் வீட்டில் போன் வைக்கிற இடம்.

எந்த சிம் நல்லது என்று டவுன் கடையில் கேட்டுப் பிரயோசனம் இல்லை, டவுனில் எல்லாமே எடுக்கும். டயலொக், மொபிடெல், ஹட்ச் எதுவாக இருந்தாலும், அதே லயத்தில், அதே பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். மேல் லயத்துக்குச் சரிவருவது கீழ் லயத்துக்குச் சரிவராது. இரண்டு சிம் போட்டு, ஒன்றைக் கோலுக்கும் மற்றதை டேட்டாவுக்கும் வைக்கலாம். ஆனால் சில போன்களில் இரண்டாவது சிம் போடுகிற குழியும் மெமரி கார்ட் குழியும் ஒன்றுதான். இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும், வாங்கும்போதே தட்டைக் கழற்றிப் பாருங்கள்.

வீட்டில் பழைய டச் போன் ஒன்று சும்மா கிடந்தால் அதற்கும் வேலை உண்டு. டேட்டா சிம்மை அதில் போட்டு, கோடு வருகிற ஜன்னலில் மழைச் சாரல் படாமல் வைத்து, ஹொட்ஸ்பொட்டை ஓன் பண்ணுங்கள். காம்பராவுக்குள் இருக்கிற போன்கள் வைஃபை மூலம் அதைப் பிடித்துக்கொள்ளும், வாட்ஸ்அப் கோல் உள்ளேயே பேசலாம். பாஸ்வேர்ட் போட மறந்தால் லயம் முழுக்க உங்கள் டேட்டாவில் படம் பார்க்கும்.

நாலு கோடும் நிக்குது. ஆனா ராத்திரி ஏழு மணிக்கு மேல ஒண்ணும் ஓடாது. ஏன்?

கோடு காட்டுவது டவரிலிருந்து அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும்தான். அந்த டவரை எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள் என்று அது காட்டாது. வேலை முடிந்து எல்லாரும் ஒன்றாக வீடியோ பார்க்கிற நேரத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சொட்டுத்தான். பெரிய செயலிகளை இறக்குவதையும் பிள்ளைகளின் பாட வீடியோ இறக்குவதையும் விடியற்காலையில் செய்யுங்கள்.

பக்கத்து வீட்டில் ஓடி, உங்களுக்கு மட்டும் ஓடவில்லையென்றால் வேறு கதை. ஏரோப்ளேன் மோடைப் போட்டு பத்து வினாடி கழித்து எடுங்கள், போன் டவரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். அப்படியும் வராவிட்டால் டேட்டா முடிந்ததா என்று பாருங்கள், பிறகு சிம்மைக் கழற்றிப் போடுங்கள். கோல் எடுத்ததும் டேட்டா நிற்கிறது என்றால், மொபைல் நெட்வேர்க் செட்டிங்ஸில் வோல்டி (4ஜியிலேயே கோல் பேசுகிற வசதி) ஓன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இல்லாத போன் கோல் பேசும்போது 4ஜியை விட்டு இறங்கிவிடும்.

வீட்டுல இருந்தா பெட்டரி நிக்குது. மலைக்குக் கொண்டு போனா மத்தியானத்துக்குள்ள இறங்கிருது.

கவரேஜ் குறைந்த இடத்தில் போன் டவரை விடாமல் தேடும், கிடைத்த டவரோடு பேசக் கூடுதல் பலம் போடும். பெட்டரி அதற்குத்தான் போகிறது. சுத்தமாகக் கவரேஜே இல்லாத மலை என்று தெரிந்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், எப்படியும் கோல் வராது. கொஞ்சம் வந்து போகிற இடமென்றால் டேட்டாவை மட்டும் ஓஃப் பண்ணிக் கோலுக்கு விட்டு வையுங்கள்.

ராத்திரி முழுக்க சார்ஜ்ல கிடந்தா வெடிச்சிருமா?

பெட்டரி நிரம்பியதும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். கெடுதி செய்வது சூடு. தலையணைக்குக் கீழே, கம்பளிக்குள் வைத்து சார்ஜ் போடாதீர்கள். குளிர் ஊர்களில் இந்தப் பழக்கம் அதிகம். அடுப்பங்கரைத் திட்டும் வேண்டாம். பெட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் 20 சதவீதத்துக்குக் கீழே அடிக்கடி இறங்கவிடாமல், 80, 90இல் கழற்றினால் நல்லது. முடியாத நாளில் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒன்று, பெயர் இல்லாத மலிவு சார்ஜர். மற்றது இடி மின்னல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைப் பிளக்கிலிருந்தே கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் ஓஃப் பண்ணினால் போதாது. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் அழுத்தம் ஏறி இறங்கும், வந்து சில நிமிடம் கழித்துக் குத்துங்கள்.

கேபிளை ஆட்டிப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறுது.

முதலில் வேறு கேபிளில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கேபிள்தான் பழுது. அதுவும் இல்லையென்றால் துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் நூலும் தூசியும் அடியில் அமுங்கி, பாய் மாதிரிக் கெட்டியாகக் கிடக்கும். அதனால் கேபிள் முழுதாக உள்ளே போகாது, தொட்டும் தொடாமலும் நிற்கும். போனை ஓஃப் பண்ணி, காய்ந்த ஈர்க்குக் குச்சியின் நுனியைச் சீவி, ஓரத்திலிருந்து மெல்லச் சுரண்டினால் அது ஒரே துண்டாக வெளியே வரும். ஊசி, ஹேர்பின் போடாதீர்கள், உள்ளே இருக்கும் பின் வளைந்தால் சார்ஜிங் பகுதியையே மாற்ற வேண்டி வரும்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் விடிய விடிய ஏறுகிறது என்றால் சார்ஜரில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். 5 வோல்ட் 1 அம்பியர் என்று இருந்தால் 5000 எம்ஏஎச் பெட்டரி நிரம்ப ஐந்து மணித்தியாலம் போல ஆகும். 2 அம்பியர் என்றால் மூன்று மணித்தியாலம் போதும்.

பீலிக்கரையில தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. அரிசியில போட்டா சரியாகுமா?

அரிசி வேண்டாம். உள்ளே போன தண்ணீரை அது இழுக்காது, மாவும் தூசியும்தான் துளைக்குள் போகும். எடுத்தவுடன் ஓஃப் பண்ணுங்கள். ஓன் ஆகுதா என்று பார்க்கவே கூடாது, சார்ஜ் குத்தவும் கூடாது. தண்ணீரை விட, ஈரத்தில் மின்சாரம் ஓடுவதுதான் உள்ளே இருக்கிறதை எரிக்கும். கவர், சிம் தட்டைக் கழற்றித் துடைத்து, துளை கீழே பார்க்கிற மாதிரி நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். அடுப்புச் சூட்டில் காட்ட வேண்டாம். நேரமிருந்தால் அன்றைக்கே கடையில் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்வது இன்னும் நல்லது, துரு மறுநாளே தொடங்கிவிடும்.

பின்பக்கம் மூடி தூக்கிக்கிட்டு நிக்குது. அமுக்கினா உள்ள போகுது.

அமுக்காதீர்கள். பெட்டரி உப்பியிருக்கிறது. உடனே ஓஃப் பண்ணி, சார்ஜ் போடாமல், கடையில் கொடுத்து பெட்டரியை மாற்றுங்கள். குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கும். பழைய பெட்டரியை அடுப்பிலோ குப்பை எரிக்கிற இடத்திலோ போட வேண்டாம், கடையிலேயே விட்டுவிடுங்கள்.

மெமரி ஃபுல்னு வந்துக்கிட்டே இருக்கு. எதை அழிச்சாலும் திரும்ப நிறையுது.

நிரப்புவது பெரும்பாலும் வாட்ஸ்அப். காலை வணக்கம் படம், கோயில் திருவிழா வீடியோ, ஐந்து குழுவில் வந்த ஒரே வீடியோ என்று எல்லாம் கேட்காமலே இறங்கும். முதலில் குழாயை மூடுங்கள்: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா போய், மீடியா ஓட்டோ டவுன்லோட் என்பதன் கீழே மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் தட்டினால்தான் படம் இறங்கும். பிறகு அதே இடத்தில் மேனேஜ் ஸ்டோரேஜைத் திறந்தால், பெரிய வீடியோக்களும் பல தடவை அனுப்பப்பட்டவையும் தனியாக நிற்கும். அங்கிருந்தே அழியுங்கள். கெலரியிலிருந்து அழித்தது குப்பைக்கூடைக்குப் போய் ஒரு மாதம் போல இடம் பிடித்துக்கொண்டே இருக்கும், அதையும் காலி செய்ய வேண்டும்.

மெமரி கார்ட் போட்டால் படமும் பாட்டும் அதற்கு மாற்றலாம். வாட்ஸ்அப் மாறாது, பெரும்பாலான செயலிகளும் மாறாது. அதனால்தான் முதல் கேள்வியிலேயே ஸ்டோரேஜைப் பற்றி அவ்வளவு சொன்னோம். இன்னொரு எச்சரிக்கை: படங்கள் கூகுள் போட்டோஸில் பெக்கப் ஆகியிருந்தால், அந்தச் செயலிக்குள் டிலீட் கொடுத்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதில் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதைத்தான் தட்ட வேண்டும்.

போன் ரொம்ப ஸ்லோ. கிளீனர் எப் போடலாமா?

வேண்டாம். அது ஒரு விளம்பரப் பெட்டி, பின்னாலேயே ஓடி இருக்கிற ரேமையும் தின்னும். திறந்த செயலிகளை ஓயாமல் தள்ளித் தள்ளி மூடுவதும் வீண், திரும்பத் திறக்கும்போது இன்னும் நேரமெடுக்கும். ஸ்டோரேஜில் நாலைந்து ஜிபி காலியாக வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள், பேஸ்புக்குக்குப் பதிலாக பேஸ்புக் லைட் போடுங்கள். இதற்கு மேலும் இழுத்தால் போனின் அளவு அவ்வளவுதான்.

ஒரு மாச டேட்டா ஒரு வாரத்துல முடியுது. யாராவது திருடுறாங்களா?

ஹொட்ஸ்பொட்டுக்குப் பாஸ்வேர்ட் இருந்தால் திருட வழியில்லை. யூடியூப்தான். வீடியோவின் தெளிவை 144இல் வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தால் ஏறத்தாழ 100 எம்பி, 360இல் 300 எம்பி, 720இல் ஒரு ஜிபியைத் தாண்டும். சின்னத் திரையில் 360 தாராளம். யூடியூப் செட்டிங்ஸில் வீடியோ குவாலிட்டி போய், மொபைல் நெட்வேர்க்குக்கு டேட்டா சேவர் என்று போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குரல் கோலுக்கு நிமிடத்துக்கு ஒரு எம்பிகூடப் போகாது, வீடியோ கோலுக்கு ஐந்து எம்பி போலப் போகும். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஓட்டோ அப்டேட்டை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

வாட்ஸ்அப், பேஸ்புக்குக்கு மட்டும் என்று விற்கிற பெக்கேஜ் போட்டிருந்தால் இன்னொரு பொறி உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த யூடியூப் லிங்கைத் தட்டினால் அது அந்தப் பெக்கேஜில் சேராது, ரீலோட் காசிலிருந்து வெட்டுவார்கள்.

டுபாயில இருக்கிற அக்காவுக்கு வாட்ஸ்அப் மெசேஜ் போகுது. கோல் மட்டும் போகவே இல்ல.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ கோலுக்கு அனுமதி இல்லை. இங்கே எதை மாற்றினாலும் சரிவராது. குரல் பதிவு அனுப்பலாம். நேரடியாகக் கோலில் பேச, அங்கே அனுமதி உள்ள பொடிம் போன்ற செயலியை இரண்டு பேரும் போட வேண்டும். விபிஎன் (எந்த நாட்டிலிருந்து பாவிக்கிறோம் என்பதை மறைக்கிற செயலி) போட்டுப் பேசச் சொல்லி யாராவது சொன்னால், அங்கே அது சட்டச் சிக்கலில் கொண்டு போய்விடும் என்று அக்காவுக்கும் சொல்லி வையுங்கள்.

அஸ்வெசும காசு வந்திருக்குன்னு சொல்லி, மெசேஜ்ல வந்த ஆறு இலக்கத்தைக் கேக்குறாங்க. சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அந்த ஆறு இலக்கம் உங்கள் வாட்ஸ்அப்பையோ வங்கிக் கணக்கையோ திறக்கிற சாவி. அஸ்வெசும போன்ற அரசு உதவிப் பணம் தர எந்த அதிகாரிக்கும் அது தேவைப்படாது. சந்தேகமென்றால் கிராம சேவகரிடம் அல்லது பிரதேச செயலகத்தில் நேரில் கேளுங்கள். தெரிந்தவரின் எண்ணிலிருந்தே அப்படிக் கேட்டு வந்தாலும் கொடுக்க வேண்டாம், அவருடைய வாட்ஸ்அப் ஏற்கனவே பறிபோயிருக்கலாம். வாட்ஸ்அப்பில் அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போய் உங்களுக்கென்று ஒரு பின் போட்டு வைத்தால், எண்ணைத் தவறிச் சொன்னாலும் உள்ளே வருவது கஷ்டம். சொல்லிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் உங்கள் போன் நம்பரைப் போட்டு வாட்ஸ்அப்பை மீண்டும் பதியுங்கள், மற்றவர் வெளியே தள்ளப்படுவார். வங்கிச் சங்கதி என்றால் முதல் கோல் வங்கிக்கு.

கல்யாணப் பத்திரிகை என்று வருகிற கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் திறக்காதீர்கள், அது செயலி. ஐந்து நிமிடத்தில் கடன் என்கிற செயலிகளும் அப்படித்தான்: போட்டதும் கொன்டெக்ட்ஸைப் பார்க்க அனுமதி கேட்கும், தவணை பிந்தினால் அதில் உள்ள எல்லாருக்கும் கோல் போகும்.

கடைத் தம்பிதான் ஜிமெயில் போட்டுக் கொடுத்தாரு. பாஸ்வேர்ட் தெரியாது. அது தேவைப்படுமா?

கட்டாயம் தேவைப்படும். கொன்டெக்ட்ஸ், படம், வாட்ஸ்அப் பெக்கப் எல்லாம் அந்தக் கணக்கில்தான் கிடக்கின்றன. போன் உடைந்தாலும் தொலைந்தாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் ஒன்றையும் எடுக்க முடியாது. போன் கையில் வேலை செய்யும்போதே மாற்றிக்கொள்வது லேசு: செட்டிங்ஸில் கூகுள், உங்கள் கணக்கு, செக்யூரிட்டி, பாஸ்வேர்ட். பழையது தெரியாது என்று கொடுத்தால் போனின் லொக் பின்னைக் கேட்டுப் பெரும்பாலும் மாற்ற விடும். அதே பக்கத்தில் மீட்பு எண்ணாக யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள், கடைக்காரரின் நம்பர் இருந்தால் அழித்து உங்களுடையதைப் போடுங்கள். ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டை வைக்கிற இடத்தில் வையுங்கள்.

புதுப் போனுக்கு மாறும்போதும் இதே கணக்கைப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் சேட்ஸ், சேட் பெக்கப் போய், பழைய போனில் கடைசியாக ஒரு பெக்கப் எடுத்துவிட்டுப் புதியதில் அதே நம்பரைப் பதிந்தால், பழைய மெசேஜ்களை எடுக்கவா என்று கேட்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, வாட்ஸ்அப் பெக்கப்பும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

லொக் நம்பர் மறந்துட்டேன். கடையில உடைச்சுத் தருவாங்களா?

போனை முழுக்க அழித்துத்தான் திறக்க முடியும், உள்ளே இருந்த படங்கள் போய்விடும். அழித்த பிறகும், அதில் முன்பு இருந்த ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்டு நிற்கும். திருடனுக்காக வைத்த பூட்டு இது, பாஸ்வேர்ட் தெரியாத சொந்தக்காரரையும் வெளியே நிறுத்தும். பாவித்த போன் வாங்கும்போது பழைய கணக்கைப் பார்க்கச் சொன்னதும் இதனால்தான். நீங்கள் விற்பதென்றால் முதலில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்து கொடுங்கள்.

பஸ்ஸுல போன் தொலைஞ்சுபோச்சு. முதல்ல என்ன செய்யணும்?

இன்னொருவர் போனில் உங்கள் கூகுள் கணக்கால் உள்ளே போய், கூகுளின் ஃபைண்ட் ஹப் (முன்பு ஃபைண்ட் மை டிவைஸ்) பக்கத்தைத் திறவுங்கள். போன் ஓனில் இருந்து டேட்டாவும் இருந்தால் எங்கே இருக்கிறது என்று காட்டும், சைலண்டில் இருந்தாலும் மணி அடிக்க வைக்கலாம், தூரத்திலிருந்தே லொக் பண்ணலாம். அடுத்து சிம் கம்பனிக்கு அழைத்து சிம்மை நிறுத்துங்கள். வங்கிச் செயலி இருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள். பிறகு பில்லில் உள்ள ஐஎம்இஐ எண்ணோடு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. அடையாள அட்டையைக் காட்டினால் அதே நம்பரில் புது சிம் தருவார்கள், சிம் உங்கள் பெயரில் பதிந்திருந்தால் மட்டும். மகனின் பெயரிலோ கடைக்காரரின் பெயரிலோ இருந்தால் அவர்தான் போக வேண்டும்.

ஸ்க்ரீன் வெடிச்சுருச்சு. மாத்துறதா, புதுசு வாங்குறதா?

மேல் கண்ணாடி மட்டும் வெடித்து, டச்சும் படமும் சரியாக இருந்தால் அப்படியே டெம்பர் கிளாஸ் ஒன்றை ஒட்டிப் பாவிக்கலாம், விரலும் கிழியாது. கறுப்பு மை பரவுகிற மாதிரி இருந்தால் அது நாளுக்கு நாள் பரவும், டிஸ்பிளேயை மாற்றத்தான் வேண்டும். வேலைக்கூலியோடு கேட்கிற விலை புதுப் போனின் பாதி விலையைத் தாண்டினால் மாற்றாதீர்கள், படங்களை எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

மாற்றக் கொடுப்பதென்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். ஸ்க்ரீன் மாற்ற லொக் நம்பர் தேவையில்லை. டச் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், நீங்கள் போய் நின்று திறந்து காட்டுங்கள்.